பன்றித் தோலில் மொறுமொறு நொறுக்குத்தீனி: முதல் முறை செய்பவருக்கு

மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடத் தொடங்கியவர்களிடம் எதை விட்டது கஷ்டமாக இருக்கிறது என்று கேட்டால், பலர் இனிப்பைச் சொல்வதில்லை. பல்லில் நொறுங்க எதுவும் இல்லாமல் போனதைத்தான் சொல்கிறார்கள். முட்டை, இறைச்சி, கீரை, பாலாடைக்கட்டி என்று தட்டு நிறைந்திருந்தாலும் எல்லாமே மெத்தென்று இருக்கும். வழக்கமான நொறுக்குத்தீனிகளில் மொறுமொறுப்பைத் தருவதே மாவுதான். மாவு துளியும் சேராமல் அதே சத்தத்தோடு உடையும் பொருள்கள் மிகச் சில. பொரித்த பன்றித் தோல் அவற்றில் ஒன்று.

பாக்கெட்டில் விற்பதை வாங்கலாமே என்று தோன்றும். வெறும் உப்பு போட்டதென்றால் குறையில்லை. மசாலா வாசம் சேர்த்தவற்றின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள்: சர்க்கரை, டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்), மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவிலிருந்து எடுக்கும் தூள்), சோள மாவு என்று ஏதாவது ஒன்று பெரும்பாலும் ஒட்டிக்கொண்டிருக்கும். வீட்டில் செய்தால் தோல், கொழுப்பு, உப்பு மூன்றோடு முடிந்துவிடும். உப்பின் அளவும் உங்கள் கையில் இருக்கும்.

இது ஒரு நாளில் முடிகிற வேலை அல்ல. கைவேலை மொத்தம் ஒன்றரை மணி நேரம்தான், ஆனால் காத்திருப்பு நீளம். முதல் நாள் வேகவைத்துக் கொழுப்பைச் சுரண்டி வையுங்கள். இரண்டாம் நாள் உலர்த்திப் பொரியுங்கள். ஒரே மாலையில் முடித்துவிடலாம் என்று இறங்குபவர்கள்தான் ரப்பர் மாதிரி வந்துவிட்டது என்று கைவிடுகிறார்கள்.

தோலுக்குள் நடப்பது

செய்முறைக்கு முன் இதைப் புரிந்துகொண்டால், எங்கே தவறினாலும் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

தண்ணீரையும் கொழுப்பையும் கழித்தால், தோலில் மிச்சம் இருப்பதில் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். மூன்று இழைகளைக் கயிறாக முறுக்கியது போன்ற அமைப்பு அதற்கு. அதனால்தான் பச்சைத் தோலைக் கடித்து அறுக்க முடிவதில்லை. தண்ணீரில் வெகுநேரம் வேகும்போது அந்த முறுக்கு அவிழ்ந்து கொலாஜன் ஜெலட்டினாக மாறுகிறது. ஈரமாக இருக்கும்வரை ஜெலட்டின் வழவழப்பானது. ஈரம் போகப் போக இறுகி, கடைசியில் கண்ணாடி போல ஆகிவிடும்.

அந்தக் கண்ணாடிக்குள் கொஞ்சம் ஈரம் சிக்கி நிற்கும். எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. இப்படி உலர்ந்த துண்டை 190 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும் எண்ணெயில் போட்டால், கண்ணாடி நொடியில் இளகும், உள்ளே சிக்கிய நீர் ஆவியாகும். நீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கு மேல் விரிகிறது. அந்த விரிவு இளகிய ஜெலட்டினை ஆயிரம் குமிழிகளாக ஊதிவிடுகிறது. ஆவி வெளியேறியதும் குமிழிச் சுவர்கள் மறுபடி இறுகி அப்படியே நின்றுவிடுகின்றன. நாம் கடிக்கும்போது உடைவது அந்தச் சுவர்கள்தான்.

தோல் வேகாவிட்டால் கொலாஜன் இளகாது, ஊத முடியாது. ஈரம் அதிகம் இருந்தால் சுவர் இறுகாமல் சவசவ என்று நிற்கும், எண்ணெயும் தெறிக்கும். ஈரமே இல்லாமல் காய்ந்துவிட்டால் ஊதுவதற்கு ஆவி கிடையாது, கல்லாகவே இருக்கும். கொழுப்பு ஒட்டியிருந்தால் அந்த இடம் மட்டும் உப்பாமல் கட்டியாக நிற்கும். பொரிப்பது ஒரு நிமிட வேலை. அந்த நிமிடம் எப்படிப் போகும் என்பது அதற்கு முந்தைய பத்து மணி நேரத்திலேயே முடிவாகிவிடுகிறது.

தோல் வாங்கும்போது

முதுகுப் பகுதித் தோல்தான் ஆரம்பிப்பவருக்கு ஏற்றது. ஒரே கனமாக, தட்டையாக இருக்கும், கொழுப்பைச் சுரண்டுவதும் எளிது. வயிற்றுப் பகுதித் தோலும் பொரியும், ஆனால் மேடுபள்ளம் அதிகம். காம்புகள் இருக்கும் இடத்தை வெட்டி எடுத்துவிட வேண்டும். கால், தலைப் பகுதித் தோல் தடிப்பு. பழகிய பிறகு முயலலாம். உப்பில் ஊறவைத்ததோ புகையூட்டியதோ வேண்டாம். உலர்ந்ததும் அதன் உப்பு பல மடங்கு தெரியும்.

முதல் தடவைக்கு ஒரு கிலோ போதும். வேகவைத்து, கொழுப்பு நீக்கி, உலர்த்தியபின் எடை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அளவைப் பார்த்து ஏமாற வேண்டாம், பொரித்ததும் ஒவ்வொரு துண்டும் இரண்டு மூன்று மடங்கு பெரிதாகும்.

தோலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மயிர்க்கால்கள் மிச்சமிருந்தால் புதிய சவர பிளேடால் மழிக்கலாம், அல்லது இடுக்கியில் பிடித்து அடுப்புத் தீயில் வாட்டிவிட்டுக் கத்தி முதுகால் தேய்க்கலாம். வாட்டுவதுதான் எனக்குப் பிடித்த வழி, வேர் வரை போய்விடும். ஆய்வு முத்திரை மை இருந்தால் அது உண்ணத்தக்க மைதான், ஆனால் பார்வைக்கு நன்றாக இராது. அந்தப் பகுதியைக் கழித்துவிடலாம். பச்சை இறைச்சி பட்ட பலகை, கத்தி, கை எல்லாவற்றையும் சோப்பு போட்டுக் கழுவிய பிறகே அடுத்த வேலைக்குப் போங்கள்.

வேகவைத்தல்

கனமான கொழுப்பு அடுக்கு இருந்தால் முதலில் கத்தியால் பெரும்பகுதியைச் சீவி எடுங்கள். எறிந்துவிட வேண்டாம். சிறு துண்டுகளாக்கி, கொஞ்சம் தண்ணீர் விட்டு, இளந்தீயில் உருக்கி வடிகட்டினால் பொரிப்பதற்கான கொழுப்பு அதிலேயே கொஞ்சம் கிடைத்துவிடும்.

தோலை ஒரு சாண் அகலத் துண்டுகளாக வெட்டி, பெரிய பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீரில் போட்டு அடுப்பில் வையுங்கள். கொதி வந்து பத்து நிமிடம் ஆனதும் நுரையும் வாடையும் கலந்த அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, தோலை அலசி, புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். விருப்பப்பட்டால் இஞ்சித் துண்டும் மிளகும் போடலாம். உப்பு போட வேண்டாம். இப்போது போட்டால் தோல் இழுத்துக்கொள்ளும் உப்பு அதிலேயே தங்கி, உலரும்போது கூர்மையாகிவிடும்.

தோல் மிதக்கும். மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து அமுக்கி வையுங்கள். அடியில் ஒட்டிப் பிடிக்கும் குணமும் உண்டு, அதனால் அடியிலும் ஒரு சிறு தட்டோ கம்பித் தட்டோ இருப்பது நல்லது. கொப்பளித்துக் கொதிக்கத் தேவையில்லை, மேற்பரப்பு மெல்ல அசைந்தால் போதும். மெல்லிய தோலுக்கு ஒரு மணி நேரம், தடித்த தோலுக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம்.

பதம் பார்ப்பது விரலால்தான். ஒரு துண்டை எடுத்து ஆறவைத்து, கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். நகம் எளிதாக இறங்க வேண்டும், ஆனால் தூக்கும்போது துண்டு கிழியக் கூடாது. நகம் இறங்காவிட்டால் இன்னும் கால் மணி நேரம். தொட்டாலே கிழிகிறது என்றால் தாண்டிவிட்டது. அப்போதும் வீணில்லை, தட்டில் பரப்பிக் குளிரவைத்தால் கெட்டியாகும், துண்டுகளின் வடிவம்தான் கோணலாக இருக்கும்.

வெந்த தோலை அகலமான கரண்டியால் தாங்கி எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று படாமல் தட்டில் விரித்து, கொழுப்புப் பக்கம் மேலே வரும்படி வையுங்கள். சூடு தணிந்ததும் மூடாமல் ஃப்ரிட்ஜில் இரண்டு மணி நேரம், அல்லது இரவு முழுவதும். வேகவைத்த நீரைக் கொட்டிவிடாதீர்கள். ஆறியதும் கட்டியாக உறையும் அளவுக்கு ஜெலட்டின் நிறைந்த சாறு அது, சூப்புக்கு அடித்தளமாக நன்றாக இருக்கும்.

கொழுப்பைச் சுரண்டுதல்

குளிர்ந்த தோலில் கொழுப்பு வெண்ணெய் போல் இறுகியிருக்கும், தோல் மட்டும் வளையும். இந்த நிலைதான் சுரண்ட ஏற்றது. சூடாக இருக்கும்போது முயன்றால் கொழுப்பு வழுக்கும், தோல் கிழியும். தோலைப் பலகையில் விரித்து ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, சாப்பாட்டுக் கரண்டியின் விளிம்பால் உங்களிடமிருந்து விலகிப் போகும் திசையில் வழியுங்கள். கத்தியை விடக் கரண்டி மேல். தோலை அறுக்காது.

வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் மங்கலான தேன் நிறத்தில் ஒளி ஊடுருவ வேண்டும். வெள்ளைத் திட்டு தெரிகிற இடமெல்லாம் இன்னும் கொழுப்பு இருக்கிறது. மெல்லிய படலம் இருந்தால் பரவாயில்லை, திட்டுத் திட்டாக இருக்கக் கூடாது. இந்த வேலையில் அலுப்பு வரும். கடைசி இரண்டு துண்டுகளில் சோம்பல்பட்டு விடுவோம், பொரிக்கும்போது அந்த இரண்டும்தான் காட்டிக்கொடுக்கும்.

பிறகு சமையல் கத்தரிக்கோலால் மூன்று சென்டிமீட்டர் சதுரங்களாகவோ, விரல் அகல வார்களாகவோ நறுக்குங்கள். இப்போதே நறுக்கிவிட வேண்டும். உலர்ந்த பிறகு கத்தி இறங்காது, உடைக்கத்தான் முடியும்.

உலர்த்துதல்

இதுதான் உயிர்நாடி. ஓவனை 80 முதல் 95 டிகிரிக்குள் வைத்து, கம்பித் தட்டில் துண்டுகளை ஒன்றையொன்று தொடாமல் பரப்புங்கள். உருகும் கொழுப்பு சொட்ட கீழே ஒரு தட்டு வேண்டும். உள்ளே சேரும் ஆவி வெளியேற வேண்டும், அதனால் விசிறி உள்ள ஓவன் என்றால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் அரை மணிக்கு ஒரு தடவை கதவைத் திறந்து மூடுங்கள். ஆறு முதல் பத்து மணி நேரம் ஆகும். டீஹைட்ரேட்டர் (உணவை உலர்த்தும் கருவி) வைத்திருப்பவர்கள் 70 டிகிரியில் வைத்தால் பத்துப் பன்னிரண்டு மணி நேரம். நீங்கள் வீட்டில் விழித்திருக்கும் நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

வெயிலில் காயவைக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்பதே என் பதில். வெந்த விலங்குத் தோல் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகக் கிடப்பது கிருமிகள் பெருக நல்ல வாய்ப்பு. 5 முதல் 60 டிகிரி வரையிலான சூடுதான் அவற்றுக்குத் தோதானது. வெயில் பெரும்பாலும் அந்த எல்லைக்குள்ளேயே நிற்கும்.

இரண்டு மணிக்கு ஒரு தடவை துண்டுகளைத் திருப்பிப் போடுங்கள். மேலே எண்ணெய் கசிந்து நின்றால் காகிதத் துணியால் ஒற்றி எடுங்கள். கொழுப்புப் படலம் மூடியிருக்கும்வரை அதன் கீழிருக்கும் ஈரம் வெளியே வராது.

பதம் வந்ததை மூன்று விதமாக அறியலாம். நிறம் பழுப்பும் பொன்னும் கலந்து, ஒளி ஊடுருவுவதாக இருக்கும். பீங்கான் தட்டில் போட்டால் கூழாங்கல் விழுந்த மாதிரி ‘டிக்’கென்று ஒலிக்கும். வளைத்தால் வளையாமல் படக்கென்று உடையும். உடைத்த துண்டின் நடுப்பகுதியைப் பாருங்கள். ஓரம் கண்ணாடியாகவும் நடு மெழுகாகவும் இருந்தால் இன்னும் இரண்டு மணி நேரம் வேண்டும். சமையல் தராசு இருந்தால் இன்னும் உறுதி: மணிக்கு ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள், எடை குறைவது ஏறக்குறைய நின்றுபோனால் எடுத்துவிடலாம்.

என் முதல் முயற்சியில் நான்கு மணி நேரத்திலேயே ஓரங்கள் இறுகியதைப் பார்த்து எடுத்துவிட்டேன். எண்ணெயில் போட்டதும் ஓரம் மட்டும் பொரிந்தது, நடுவில் இருந்த ஈரம் வெடித்து எண்ணெய் என் முன்கை வரை தெறித்தது. அந்தத் தழும்பு மறைய மாதங்கள் ஆயின. அதனால்தான் உடைத்துப் பார்க்காமல் ஒரு துண்டையும் எண்ணெய்க்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள் என்று இத்தனை அழுத்திச் சொல்கிறேன்.

இந்த நிலையில் உங்களிடம் இருப்பது தோல் வற்றல். முழுவதையும் இன்றே பொரிக்க வேண்டியதில்லை. நன்றாக ஆறவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து ஃப்ரீஸரில் வைத்தால் இரண்டு மூன்று மாதம் வரை, தேவைப்படும்போது ஒரு கைப்பிடி எடுத்துப் பொரித்துக்கொள்ளலாம். சாயங்காலம் பசிக்கும்போது சூடாக ஒரு தட்டு, பொரிக்கும் வேலை மட்டும்தான். நீண்ட வேலைக்குக் கிடைக்கும் உண்மையான பலன் இதுதான் என்பேன். ஃப்ரீஸரிலிருந்து எடுத்ததும் டப்பாவைத் திறக்காமலே அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். உடனே திறந்தால் துண்டுகளின் மேல் நீர் வேர்க்கும்.

பொரித்தல்

உருக்கிய பன்றிக் கொழுப்பில் பொரித்தால் சுவை முழுமையாக இருக்கும். ஆனால் அது 190 டிகிரியை ஒட்டியே புகையத் தொடங்கும், கவனம் தேவை. முதல் தடவைக்குச் சுத்திகரித்த கடலை எண்ணெய் பாதுகாப்பு, அதன் புகைநிலை 230 டிகிரி அருகில். சுத்திகரிக்காத தேங்காய் எண்ணெய் இந்தச் சூட்டைத் தாங்காது.

ஆழமான, அடிகனமான பாத்திரத்தில் பாதிக்கும் கீழே எண்ணெய் நிற்க வேண்டும். ஐந்து சென்டிமீட்டர் ஆழம் போதும். துண்டுகள் உப்பும்போது நுரைத்து எழும், அதற்கு இடம் வேண்டும். பாத்திரத்துக்குப் பொருந்தும் மூடி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் தீப்பிடித்தால் அடுப்பை அணைத்து மூடியால் மூட வேண்டும், ஒருபோதும் தண்ணீர் ஊற்றக் கூடாது. கரண்டியும் ஈரமில்லாமல் இருக்கட்டும்.

எண்ணெய் 190 டிகிரிக்கு வரட்டும். தெர்மாமீட்டர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒரே ஒரு துண்டைப் போட்டுப் பாருங்கள். அடியில் போய் ஓரிரு நொடியில் மேலே வந்து, சுருண்டு, விரிந்து, வெளுத்துப் பூப்பது போல் உப்ப வேண்டும். அரை நிமிடம் ஆகியும் சுருங்கியே கிடந்தால் எண்ணெய்க்குச் சூடு போதவில்லை. சரியான சூட்டிலும் உப்பவில்லை, ஆனால் உடைத்தால் உள்ளே ரப்பராக இருக்கிறது என்றால் வற்றலில் ஈரம் அதிகம், ஓவனுக்குத் திருப்பி அனுப்புங்கள். உப்பவும் இல்லை, உள்ளே கல்லாக இருக்கிறது என்றால் இரண்டில் ஒன்று: தோல் சரியாக வேகவில்லை, அல்லது மிதமிஞ்சிக் காய்ந்துவிட்டது. காய்ந்ததென்றால் வற்றலை ஓர் இரவு திறந்த தட்டில் பரப்பி வைத்தால் காற்றிலுள்ள ஈரத்தைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொண்டு மறுநாள் பொரியும். வேகாததற்கு மாற்று கிடையாது.

சோதனைத் துண்டு சரியாக வந்துவிட்டால், ஒரு தடவைக்கு ஐந்தாறு துண்டுகள் மட்டும் போடுங்கள். அதிகம் போட்டால் எண்ணெயின் சூடு சரிந்துவிடும். உப்பத் தொடங்கியதும் ஜல்லிக் கரண்டியால் மெல்ல அமுக்கி எண்ணெயில் மூழ்கவைத்துப் புரட்டுங்கள். மிதந்துகொண்டே இருந்தால் மேல்பக்கம் பொரியாமல் கெட்டித் திட்டாக நிற்கும். இருபது முப்பது நொடியில் வேலை முடிந்துவிடும். குமிழிகள் அடங்கியதும் எடுத்துக் கம்பித் தட்டில் வடியவிடுங்கள். பழுப்பாகும்வரை காத்திருந்தால் கசக்கும், வெளிர்பொன் நிறமே போதும். ஒவ்வொரு ஈட்டுக்கும் நடுவில் எண்ணெய் மறுபடி சூடேறட்டும்.

உப்பு போடுவது எடுத்த கையோடு. சூடாக இருக்கும்போது மேற்பரப்பில் உள்ள எண்ணெய்ப் பூச்சு உப்பைப் பிடித்துக்கொள்ளும், ஆறிவிட்டால் எல்லாம் கீழே கொட்டிவிடும். தூள் உப்பை மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றி இன்னும் நைசாக்கினால் கொஞ்சமே போதும். 100 கிராமுக்குக் கால் தேக்கரண்டியில் தொடங்கிச் சுவைத்துப் பாருங்கள். மிளகுத்தூள், மிளகாய்த்தூள், வறுத்த சீரகத்தூள், பூண்டுத்தூள் எதுவானாலும் அதே நைசில் உப்போடு கலந்து தூவலாம். எலுமிச்சைச் சாற்றை முன்கூட்டியே பிழியாதீர்கள், ஈரம் பட்ட இடம் உடனே நமத்துவிடும். புளிப்பு வேண்டுமென்றால் சாப்பிடும் நொடியில் தொட்டுக்கொள்ளுங்கள்.

எண்ணெய்ச் சட்டி பயமாக இருந்தால்

அதே வற்றலை ஏர் ஃப்ரையரில் 200 டிகிரியில் நான்கைந்து நிமிடம் வைக்கலாம். மைக்ரோவேவிலும் ஒரு தட்டில் பரப்பி ஓரிரு நிமிடம் வைத்தால் உப்பும், பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டிலும் எண்ணெயில் வரும் பொரிவு முழுதாக வராது. துண்டுகள் சிறியதாகவும் சற்றுக் கடினமாகவும் இருக்கும். வழக்கமாக எண்ணெயில் பொரித்ததைச் சாப்பிட்டவர்களுக்குக் குறை தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது.

எவ்வளவு சாப்பிடுவது

வெறும் உப்பிட்ட பொரித்த தோல் 100 கிராமில் ஏறத்தாழ 545 கலோரி, 61 கிராம் புரதம், 31 கிராம் கொழுப்பு, மாவுச்சத்து பூஜ்யம். ஒரு வேளைக்கு 30 கிராம் என்று வைத்தால் 160 கலோரி அளவு. பஞ்சு போல் இருப்பதால் 30 கிராமே ஒரு பெரிய கிண்ணம் நிறையும். கிண்ணத்தில் எடுத்துவிட்டு டப்பாவை மூடி வைத்துவிடுங்கள், டப்பாவோடு உட்கார்ந்தால் அளவு தெரியாமல் போகும்.

புரதம் இவ்வளவு இருக்கிறதே என்று இதையே சாப்பாடாக்க வேண்டாம். கொலாஜனில் டிரிப்டோஃபான் என்ற இன்றியமையாத அமினோ அமிலம் இல்லை, அதனால் இது முழுமையான புரதம் ஆகாது. முட்டை, மீன், இறைச்சியின் இடத்தை இது பிடிக்க முடியாது, கொறிப்புக்கு மட்டும்தான். உப்பிலும் கை கட்டுப்பட வேண்டும்: பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு மொத்த உப்பே 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்களும், நீரிழிவுக்கு மாத்திரை அல்லது இன்சுலின் எடுத்துக்கொண்டே மாவுச்சத்தைக் குறைப்பவர்களும் மருத்துவரிடம் பேசிவிட்டே உணவுமுறையை மாற்ற வேண்டும்.

பொரித்தது முழுவதும் ஆறிய பிறகே டப்பாவில் போடுங்கள். வெதுவெதுப்பாக அடைத்தால் அதன் ஆவியே அதை நமக்கவைத்துவிடும். காற்றுப் புகாமல் வைத்தால் நான்கைந்து நாள் நன்றாக இருக்கும். நமத்திருந்தால் 140 டிகிரி ஓவனில் ஐந்து நிமிடம் வைத்து ஆறவிடுங்கள், மொறுமொறுப்பு திரும்பும். சிக்கெடுத்த வாடை வந்துவிட்டால் கொழுப்பு கெட்டுவிட்டது என்று பொருள், அதை எறிந்துவிட வேண்டும்.

டப்பாவின் அடியில் தங்கும் நொறுங்கல்களை மட்டும் சேர்த்து வையுங்கள். மிக்ஸியில் பொடித்தால் ரொட்டித்தூளுக்கு மாற்று அது. மீனையோ கோழித் துண்டையோ அடித்த முட்டையில் நனைத்து இந்தப் பொடியில் புரட்டிப் பொரித்தால், மாவு இல்லாமலே மேலே மொறுமொறுவென்று ஒரு கவசம் பிடிக்கும். பொடியிலேயே உப்பு இருப்பதால் மீனுக்குத் தனியாக உப்பு போட வேண்டாம்.